கேமராவோடு போனவர் விலையையும் கேட்டிருக்கலாம்

முதியோர் இல்லத்துப் பாட்டி ஒருவரை அழவைத்து ஒரு சேனல்காரர் எடுத்து, நம் கும்பகோணம் குழுக்களில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை எங்கள் சொந்தக்காரர் ஒருவரே "ஒவ்வொரு மகனும் மருமகளும் பார்க்க வேண்டியது" என்று எழுதி, என்னையும் டேக் செய்து பகிர்ந்திருக்கிறார். சரி, பேசிவிடுவோம்.

பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்தில் சாப்பாடு போடப் போனீர்கள். நல்ல காரியம். போட்டுவிட்டு வந்திருக்கலாம். அந்தப் பாட்டியின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, "உங்க பையன் ஏம்மா உங்கள இங்க கொண்டுவந்து விட்டான்?" என்று அவர் அழும்வரை திரும்பத் திரும்பக் கேட்டது எதற்காக? அதற்கு அடியில் சோக இசை வேறு. கமெண்ட் முழுக்கச் சாபம். இவனெல்லாம் நல்லா இருப்பானா, இவன் பிள்ளையும் இவனை இப்படித்தான் விடும் என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள்.

நான் அதில் ஒரே ஒரு கேள்வியைத்தான் தேடினேன். அந்த இல்லத்துக்கு மாதம் எவ்வளவு, அதை யார் கட்டுகிறார்? ஒருவர்கூடக் கேட்கவில்லை. வீடியோவிலேயே தெரிகிறது: கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி, சுவரோரம் பிடித்து நடக்கக் கைப்பிடி, பின்னால் சீருடையில் ஒரு பெண். இதெல்லாம் சும்மா வராது. யாரோ மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து சபிக்கிற அதே மகனாகவும் அது இருக்கலாம்.

திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் விலையைக் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த விலையைச் சொல்கிறேன். என் மாமியாருக்காக நாங்கள் அலைந்தபோது கும்பகோணம், சுவாமிமலை, தஞ்சாவூர் பக்கம் கேட்டவை இவை. அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில் இருவர் தங்கும் அறை என்றால் மாதம் 10,000, 12,000. தனி அறை 18,000க்குக் குறைந்து இல்லை. அதற்கு முன்பணம் ஒரு லட்சம், அதில் ஒரு பகுதி திரும்ப வராது. மருந்து, டயப்பர், டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் தனிக் கணக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்க ஆள் நாம்தான் அனுப்ப வேண்டும்.

இதெல்லாம் யாருக்கு? எழுந்து நடமாடி, தானே குளித்து, தானே சாப்பிடுகிறவர்களுக்கு. விண்ணப்பத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கும். படுத்த படுக்கை, மறதி நோய் என்று சொன்ன நிமிடமே "சாரிம்மா, அந்த வசதி எங்ககிட்ட இல்ல" என்பார்கள். எடுத்துக்கொள்கிற ஒன்றிரண்டு இடங்களில் 28,000, 35,000. கையில் லட்சங்கள் இருந்தால் கோயம்புத்தூர்ப் பக்கம் போய் முதியோர் குடியிருப்பில் வீடே வாங்கலாம், அங்கே டாக்டர், நர்ஸ், கோயில், நடைபாதை எல்லாம் உண்டு. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குச் சரி. மாதச் சம்பளத்தில் ஓடுகிற எங்களைப் போன்ற வீட்டுக்கு?

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். மாமனார் மில்லில் வேலை பார்த்தவர். அவர் போனபிறகு அத்தைக்கு வந்தது பி.எஃப். விதவை பென்ஷன். அதில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014இல் வைத்தார்கள், அத்தைக்கு அதற்குக் கொஞ்சம் மேலே. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது, ஆனால் அதற்கு முன்பே லேசாக இருந்த மறதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு மிகவும் அதிகமாகிவிட்டது. பகலெல்லாம் தூங்குவார். ராத்திரி எழுந்து, வலங்கைமானில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போகணும் என்று கதவைத் தட்டுவார். தள்ளாடிக்கொண்டு நிற்கிறவரை மறுபடி விழாமல் பிடிக்க ஒருவர் முழு ராத்திரியும் விழித்திருக்க வேண்டும்.

ஏஜென்சி மூலம் 24 மணி நேர ஆள் வைத்தோம். மாதம் 24,000, சாப்பாடு நம்முடையது, ஏஜென்சிக் கமிஷன் தனி. டயப்பர் ஒன்று 40 ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஆகும். பிசியோதெரபி செய்ய வருகிறவருக்கு ஒரு முறைக்கு 400. புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, பால்பவுடர், மாத்திரை. அப்போது நான் தனியார் பள்ளி ஒன்றில் டீச்சர், சம்பளம் 14,000. அத்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணின் சம்பளம் என் சம்பளத்தைவிட அதிகம். அது நியாயம்தான், குறை சொல்லவே இல்லை. அவர் தன் இரண்டு பிள்ளைகளைத் திருவாரூரில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். ஆனால் கணக்கு எங்கே போய் முடியும்? நான் வேலையை விட்டேன். அப்படித்தான் முடியும், எல்லா வீட்டிலும்.

"அரசாங்கம்தான் எவ்வளவோ செய்கிறதே" என்று கேட்பீர்கள். செய்கிறது. செய்வதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்தது, எங்கள் தெருவுக்குப் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. கொண்டுவந்து தருகிற பெண்களுக்கு நான் நன்றி சொல்லாத மாதம் இல்லை. எழுபது வயதுக்கு மேல் 5 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் அட்டை கொண்டுவந்தது. நல்லது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். இடுப்பு ஆபரேஷனுக்கு உதவும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து வருடக்கணக்கில் படுத்திருக்கிறவருக்கு டயப்பர் மாற்றும் ஆளுக்கு யார் காசு கொடுப்பது? எந்த அட்டையும் கொடுப்பதில்லை.

முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000த்திலிருந்து 1,200 ஆனது. அதில் மத்திய அரசின் பங்கு எண்பது வயதுக்குக் கீழே இருந்தால் 200 ரூபாய். அதுவும் ஆதரவற்றவர் என்றால்தான். மகன் இருக்கிறான், ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது என்றால் விஏஓ அலுவலகத்தோடு கதை முடிந்தது. இலவச இல்லமும் அப்படித்தான். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி அரசு முதியோர் இல்லம் அமைக்கலாம் என்கிறது. அதிலும் வறியவர்களுக்கு மட்டும். ஆக, ஒன்றுமே இல்லாதவருக்கு ஏதோ ஒன்று உண்டு. எல்லாம் இருக்கிறவருக்கு எல்லாம் உண்டு. நடுவில் இருக்கிற எங்களுக்கு ஊரின் சாபம்.

அதே சட்டத்தைக் காட்டி, "பிள்ளைகள் மேல் ஆர்டிஓகிட்ட புகார் கொடுங்கம்மா, ஜெயில்ல போடுவாங்க" என்று அந்த வீடியோவில் அறிவுரை வேறு. வருவாய்க் கோட்டாட்சியரான அந்த ஆர்டிஓ தலைமையில் தீர்ப்பாயம் இருப்பது உண்மை. வக்கீல் இல்லாமலே போகலாம், 90 நாளில் முடிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எழுதி வாங்கிய வீட்டைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் விட்ட பிள்ளைகளுக்கு அது தேவைதான், அங்கே நான் உங்கள் பக்கம். ஆனால் அந்தச் சட்டப்படி பிள்ளைகளிடமிருந்து வாங்கித்தரக்கூடிய பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பே மாதம் 10,000 ரூபாய். 2007இல் வைத்த வரம்பு. இப்போது படுக்கையில் இருக்கிற ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஆகிற செலவில் அது பாதிகூட இல்லை. அந்தத் தீர்ப்பாயமே வாங்கித்தர முடியாத பணத்தை எந்த மகன் எங்கிருந்து கொண்டுவருவான் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

இன்னொருவர் எழுதியிருந்தார்: "தர்மத்துக்கு நடத்துகிற இல்லத்தில் காசு எதற்கு, எல்லாம் கொள்ளை." ஐயா, அறக்கட்டளையாகப் பதிவான முதியோர் இல்லத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் மாதம் 25,000 வரை வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது என்று 2018இலேயே விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்தச் சேவைக்கு அவ்வளவு ஆகும் என்பது வரி போடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ராத்திரி ஷிஃப்டுக்கு வருகிற நர்ஸ் தர்மத்துக்கு வேலை பார்க்க முடியாது. அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

"அந்தக் காலத்தில் யார் கொண்டுபோய் விட்டார்கள்?" இதுதான் எனக்கு மிகவும் கோபம் வருகிற கேள்வி. அந்தக் காலத்தில் இடுப்பு உடைந்த கிழவி பெரும்பாலும் சில மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் நான்கு பெண்கள் இருந்தார்கள், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது, ஒருவரிடமும் சம்மதம் கேட்டது கிடையாது. இன்று தமிழ்நாட்டில் நூற்றில் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். வீட்டுக்கு ஒரு பிள்ளை, அதுவும் சென்னையிலோ பெங்களூரிலோ. பார்த்துக்கொள்ள அந்த நான்கு பெண்களை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்?

"வசதி இருக்கிறவனும்தான் விடுகிறான்" என்பவர்களுக்கு: விடட்டும். நான் பேசுவது அவர்களைப் பற்றி அல்ல.

அந்தப் பாட்டி அழுததற்கு வருகிறேன். அத்தையைக் கடைசியில் நாங்களும் ஒரு இல்லத்தில்தான் சேர்த்தோம். வீட்டுப் பத்திரத்தின்மேல் கடன் வாங்கித்தான் கட்டினோம். என் கணவர் காலையில் போய் இட்லி ஊட்டிவிட்டு, நகம் வெட்டிவிட்டு வருவார். மத்தியானம் நான் போனால் "ஒருத்தரும் என்னைப் பாக்க வர்றதில்ல, பெத்த புள்ளையே மறந்துட்டான்" என்று கண்ணீர் விடுவார். பொய் சொல்லவில்லை, காலையில் வந்தது அவர் நினைவில் இல்லை. அந்த நேரம் ஒருவர் மைக்கோடு வந்திருந்தால்? என் கணவர் முகம் தெரியாத ஊரெல்லாம் அவரைக் கரித்துக் கொட்டியிருக்கும். அந்தப் பாட்டிக்கும் அதே நோயா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாமல்தானே அந்த மகனின் ஊரையும் வேலையையும் கமெண்டில் தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

வீட்டில் அத்தைக்கு முதுகில் வந்த படுக்கைப்புண் அந்த இல்லத்தில்தான் ஆறியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடப் பழகியவர்கள் அங்கே இருந்தார்கள். என் வீட்டில் நான் ஒருத்திதான். அதைச் சொன்னால் "சாக்கு" என்றார்கள்.

சொன்னவர்களில் யாரும் ஒரு ராத்திரி வந்து உட்காரவில்லை. என் கொழுந்தனார் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருவார். "அண்ணி, அம்மாவை நல்லா பாத்துக்குங்க." கொஞ்ச நாள் 5,000 அனுப்பினார், அப்புறம் வீட்டுக்கடன் என்று நிறுத்திக்கொண்டார். இல்லம் என்று பேச்செடுத்ததும் ஊர் என்ன சொல்லும் என்று முதலில் கத்தியவர் அவர்தான். அத்தை காரியத்துக்கு வந்த கூட்டத்தில் என் காதுபடவே "கடைசியில கொண்டுபோய்த் தள்ளிட்டாளே" என்றார்கள். தள்ளிட்டா*ளே*. ஐந்து பிள்ளை பெற்றவருக்கு, பெற்ற பிள்ளைகள் எல்லோரையும் விட்டுவிட்டு, மருமகளாக வந்தவள்மேல்தான் பழி. இன்று காலை என்னை டேக் செய்தவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

கேரளத்தில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய் தரும் திட்டம் ஒன்று உண்டு. சின்னத் தொகைதான். ஆனால் நோயாளிக்குப் பக்கத்தில் இன்னொரு உயிரும் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று ஒரு அரசு ஒப்புக்கொள்கிறது. 2008இலிருந்தே அங்கே இதற்கெல்லாம் கொள்கை வைத்து, உள்ளாட்சி மூலம் செவிலியர் வீட்டுக்கு வருகிறார். நம் ஊரும் மாநகராட்சி ஆகிவிட்டது. வார்டுக்கு ஒரு பகல்நேர மையம், வருமானத்துக்கு ஏற்ற கட்டணம், படுக்கையில் இருப்பவரையும் எடுத்துக்கொள்கிற ஒரு பொது இல்லம், இதைக் கேட்டு அந்தச் சேனலில் ஒரு வீடியோ போடுங்கள். நானே முதலில் பகிர்கிறேன்.

இப்போதைக்கு எனக்கு ஒரு உதவி வேண்டும். கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் மறதி நோயாளிகளையும் படுக்கையில் இருப்பவர்களையும் எடுத்துக்கொள்ளும் இடம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். மாதக் கட்டணம், முன்பணம் எவ்வளவு, திரும்ப வருமா, ராத்திரியில் நர்ஸ் இருக்கிறாரா, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருப்பது யார், இந்த விவரங்கள் போதும். இந்த மாதமே இடம் தேடி அலைகிற இரண்டு குடும்பங்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன. பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் இன்பாக்ஸில் அனுப்புங்கள், தொகுத்துப் போடுகிறேன்.