தனி ரூம், தனி மேசை, சும்மா இருக்கிற அம்மா

“பிள்ளைக்கென்று அமைதியான தனி அறை ஒதுக்குங்கள். மேசையும் முதுகு சாயும் நாற்காலியும் அவசியம். வகுப்பு முடியும்வரை பெற்றோரில் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். கேமரா அணைந்திருந்தால் வருகைப்பதிவு கிடையாது.”

மழைக்கு கலெக்டர் லீவு விட்டாருன்னு டிவியில எழுத்து ஓடி முடியல, அதுக்குள்ள பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்ல வந்து விழுந்த பிடிஎஃப் இது. ‘வீட்டிலிருந்தே கற்றல், பெற்றோருக்கும் மாணவருக்குமான வழிகாட்டுதல்’னு தலைப்பு, மூணு பக்கம், முழுக்க இங்கிலீசு. என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லச் சொல்லி தெருவுல ஆளாளுக்கு எங்கிட்ட போனை நீட்டுதாவ. வாசிக்க வாசிக்க எனக்குத்தான் பத்திக்கிட்டு வருது.

இதை எழுதின புண்ணியவான் எந்த வீட்டை மனசுல வச்சு எழுதினாரு? எங்க வீட்டுல மொத்தம் ஒரு பத்தி, அதாவது ஒரே ஒரு ரூம், அப்புறம் ஒரு அடுக்களை. பத்தியிலதான் என் தையல் மெசினு, டிவி, மாமியார் படுத்திருக்கிற கட்டிலு எல்லாம். மழைன்னா துணி காயப்போடுற கயிறும் உள்ள வந்துரும். ஈரச் சேலைக்கும் பாவாடைக்கும் நடுவுல தலையைக் குனிஞ்சுதான் நடக்கணும். இதுல அமைதியான தனி அறைக்கு நான் எங்க போவேன்? கொல்லையில கக்கூசு ஒண்ணுதான் தனியா இருக்கு.

சரி, இடத்தை விடுங்க. போனுக்கு வாங்க. ஒருத்தன் ஏழாப்பு, சின்னவ மூணாப்பு. ரெண்டு பேருக்கும் எட்டரைக்கே கிளாசு. வீட்டுல உருப்படியா ஓடுற போன் ஒண்ணுதான். இன்னொண்ணு எங்க வீட்டுக்காரவுகளோட டவுண் கடைக்குப் போயிரும். பெரியவனுக்குக் குடுத்தா சின்னவ ஆப்சென்டு. அவளுக்குக் குடுத்தா இவன் ஆப்சென்டு. மத்தியானத்துக்குள்ள “உங்கள் குழந்தை இன்று ஏன் வரவில்லை?”ன்னு ஒரு மெசேஜு. எங்கய்யா வரணும்? லீவு விட்டிருக்காவல்லா!

லீவு எதுக்கு விட்டாவ? வெளிய போகவேண்டாம், பத்திரமா இருங்கன்னுதான விட்டாவ? கொஞ்சம் காத்தும் மழையுமா அடிச்சா எங்க திருநெல்வேலிப் பக்கம் முதல்ல போறது கரண்டு. அது போன கொஞ்ச நேரத்துல டவரும் படுத்துரும். அதுக்கும் தப்பிச்சு சிக்னல் கிடைச்சா, ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபின்னு போட்டிருக்கிற ரீசார்ஜு, கேமராவை விடாம எரியவிட்டா கிளாசு முடியறதுக்குள்ளயே காலி. டீச்சர் முகம் அப்பிடியே உறைஞ்சு நிக்குது, சத்தம் மட்டும் “பேஜ்... நம்பர்... பேஜ்...”னு விக்குது. இதைப் பாத்துட்டுப் பிள்ளை படிச்சிருவானாம்.

பக்கத்துல ஒருத்தர் உக்காரணும்ங்கிறதுதான் எனக்குப் பொறுக்கவே முடியல. வீட்டுல இருக்கிற பொம்பளை சும்மாதான் இருப்பான்னு யார் சொன்னா? எதுத்த வீட்டு மைனி பீடி சுத்துதாவ. தட்டை மடியில வச்சு எத்தனை பீடி சுத்துதாவளோ, அந்தக் கணக்குக்குத்தான் அவியளுக்குக் கூலி. பிள்ளைக்கு மியூட் எடுத்துவிட்டு, மியூட் போட்டுவிட்டு, “மிஸ் கேக்குதா”ன்னு கத்திக்கிட்டு இருந்தா கை எப்ப ஓடும், இலை எப்ப வெட்ட, நூல் எப்ப கட்ட? மேலப்பாளையத்துல இருந்து முக்கூடல் வரைக்கும் பீடி சுத்துற வீடுகள்ல போய்க் கேட்டுப் பாருங்க, மூணு பக்கத்துக்கு நல்ல பதில் சொல்லுவாவ. என் கதை அதுக்கு மேல. கார்த்திகை முகூர்த்தத்துக்குக் குடுக்கவேண்டிய ஜாக்கெட்டெல்லாம் குமிஞ்சு கிடக்கு. மெசினை ஓட்டினா, “பின்னால என்ன சத்தம்? நிறுத்தச் சொல்லுங்க”ன்னு எம்புள்ளைகிட்டயே சொல்லுதாவ. ஏன், அந்தச் சத்தத்துலதான் உங்களுக்கு ஃபீஸ் வருது!

டீச்சரைத் திட்டல. அதுவும் பாவம், அரிசி டப்பா மேல போனைச் சாத்திவச்சு, பின்னால கைப்பிள்ளை அழ அழ நடத்துது. அந்த டீச்சருக்கு என்ன சம்பளம் குடுப்பாவன்னு எனக்கும் தெரியும். உத்தரவு போடுறவுகளைத்தான் சொல்லுதேன். அப்புறம், குரூப்ல “சூப்பர் மேம்”னு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற சில அண்ணாச்சிமாரையும். நீங்க கடையில இருந்துகிட்டு விரலைத் தூக்கிட்டியோ, வீட்டுல உக்காந்திருக்கிறது யாரு?

கொரோனாவை மறந்துட்டாவளா? 2020 மார்ச்சுல பூட்டுனது, ஒண்ணுல இருந்து எட்டு வரைக்குமான பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்தது 2021 நவம்பர் 1. அப்ப வேற வழியே இல்ல, சகிச்சுக்கிட்டோம். அந்தக் காலத்துலயே, 2020 ஜூலையில, மத்திய அரசு ‘பிரக்யாதா’ன்னு ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு. எட்டாப்பு வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு கிளாசுக்கு மேல வேண்டாம், ஒவ்வொண்ணும் 30 நிமிசத்துல இருந்து 45 நிமிசம்தான்னு. பெருந்தொற்று நேரத்துக்கே அவ்வளவுதான். ஒரு நாள் மழை லீவுக்கு இவிய மூணாப்புக்கு எட்டரையில இருந்து பன்னிரண்டரை வரைக்கும் டைம்டேபிள் போடுதாவ. நடுவுல பி.டி. பீரியடு வேற!

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பாத்த ஊருய்யா இது. கொக்கிரகுளம், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறைன்னு வீட்டுக்குள்ள தண்ணி நின்னுச்சு. கரண்டு இல்ல, போனு இல்ல, ஒருத்தருக்கொருத்தர் உயிரோட இருக்கோமான்னு கேக்க வழியில்ல. ஆத்துல வெள்ளம் வந்தா, ஆத்துக்குள்ளயே கோயில் கொண்டிருக்கிற குறுக்குத்துறை முருகனே கரை மேல இருக்கிற மேலக்கோயிலுக்குக் கிளம்பிருதாரு. எம்புள்ளை மட்டும் யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு கேமரா முன்னால அசையாம உக்காரணுமாக்கும்.

படிப்பு வேண்டாம்னு யாரு சொன்னா? படிக்கவைக்கத்தான இந்தப் பாடு. டீச்சர் ரெண்டு நிமிசம் பேசி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும். தம்மாத்துண்டு சிக்னல்லயும் அது வந்துரும், பிள்ளை எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கும். ராத்திரி அவுக கடையில இருந்து வந்தப்புறம் ரெண்டாவது போன் கிடைக்கும், அப்ப சின்னவ கேப்பா. எங்க பள்ளிக்கூடம் மெட்ரிக்; கையில இருக்கிறது அரசாங்கப் புத்தகம்தான், பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு அச்சடிச்சிருக்கு. முடிஞ்சவுக அதை ஸ்கேன் பண்ணிப் பாக்கட்டும். கல்வித் தொலைக்காட்சி 2019ல இருந்து ஓடுது, கரண்டு இருந்தா அதைப் போடலாம். இது எதுவும் முடியாத வீட்டுல பிள்ளை ஒரு பக்கம் எழுத்து எழுதிட்டு, ஆச்சிகிட்ட கதை கேட்டுட்டுத் தூங்கட்டும். மறுநாள் வந்தப்புறம் நடத்துங்க. ஒரு நாள்ல எந்தப் பாடமும் ஓடிப்போயிராது. அட்டெண்டன்ஸ் மட்டும் எடுக்காதிய, அவ்வளவுதான் கேக்கோம்.

வர்ற பேரண்ட்ஸ் மீட்டிங்குல இதை எந்திச்சு நின்னு கேக்கத்தான் போறேன். மூணு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். எதுத்த வீட்டு மைனி அரை நாள் பீடியை விட்டுட்டு வாரேன்னுட்டாவ. சூப்பர் மேம் அண்ணாச்சிமாரு வரவேண்டாம், வீட்டுல இருக்கிறவுகளை அனுப்பிவையுங்க.