உயரம் குறைந்த பெண்ணுக்குச் சாண் அகலக் கரை வேண்டாம்

கரை அகலமாக இருந்தால்தான் முகூர்த்தப்பட்டு எடுப்பாக இருக்கும் என்று கல்யாணச் சேலை பற்றிய உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். உயரமான பெண்ணுக்கு அது சரி. என் தங்கை மகள் ஐந்தடிகூட இல்லை. போன வைகாசியில் பாளையங்கோட்டையில் கல்யாணம். சேலை எடுக்க திருநெல்வேலி டவுனுக்குப் போனோம். முதலில் எல்லோருக்கும் பிடித்தது, சாண் அகலக் கரை போட்ட காஞ்சிபுரம் பட்டு. தோளில் போட்டுப் பார்த்தபோது அழகுதான். கொசுவம் வைத்து முழுசாகக் கட்டியதும் இடுப்புக்குக் கீழே கால்வாசியைக் கரையே பிடித்துக்கொண்டது, பிள்ளை இன்னும் குட்டையாகத் தெரிந்தாள். அப்புறம் நாலு விரல் கரை, உடலும் கரையும் ஒரே அரக்கு நிறம், சின்னச் சின்ன புட்டாப் பூக்கள் உள்ள சேலையைக் கட்டிவிட்டோம். ஆச்சி பார்த்துவிட்டு, "ஏட்டி, இதுல வளத்தியா இருக்கியே!" என்றாள். அதையே எடுத்தோம்.

தோளில் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முழுசாகக் கட்டிப் பாருங்கள். கடை விளக்கில் அரக்கு வேறு மாதிரி தெரியும், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கனத்தையும் பாருங்கள். நம்மூர் வைகாசி வெயிலில், ஓமப் புகைக்கு முன்னால், ஜரிகை கனத்த சேலையோடு உட்கார்ந்திருப்பது அந்தப் பிள்ளைதான். எங்கள் பிள்ளை பந்தி முடியும்வரை சேலையை மாற்றவே இல்லை.