செடியின் கிருமிக்கு நம் செல்லில் என்ன வேலை?

"நெல்லைக் கருக்கும் பாக்டீரியாவின் புரதத்தை மனிதச் செல்லுக்குள் விடலாமா?" என்று, மரபணுத் திருத்தம் பற்றிய ஒரு கட்டுரையின் கீழ் ஒரு நண்பர் பதறியிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் உள்ளே போவது கிருமி அல்ல, அதன் ஒரே ஒரு புரதம்.

அந்த நெல் கிருமியான சாந்தோமோனாஸ் பாக்டீரியா ஊசி போன்ற ஓர் உறுப்பால் 'டேல்' புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. அவை டிஎன்ஏவில் உரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு, செடியின் மரபணுக்களையே கிருமிக்குச் சாதகமாக முடுக்கிவிடுகின்றன. பலே திருடன்! இந்தப் புரதத்தில் சுமார் 34 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு திரும்பத் திரும்ப வரும். அதில் 12, 13ஆம் இடங்களில் இருப்பவைதான் எந்த டிஎன்ஏ எழுத்தைப் பிடிப்பது என்று தீர்மானிக்கின்றன. 2009இல் இந்தக் குறியீடு விடுபட்டது. எழுத்து நான்கும் நெல்லுக்கும் நமக்கும் ஒன்றே என்பதால், துண்டுகளை விரும்பியபடி கோத்து, டிஎன்ஏவை வெட்டும் நொதி ஒன்றையும் ஒட்டவைத்தால், மரபணுவைத் திருத்தும் 'டேலன்' என்ற கருவி தயார்.

கோப்பதுதான் பெரும்பாடு. துண்டுகள் எல்லாம் ஒரே அச்சு என்பதால், டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் முறை தடுமாறி, வெவ்வேறு நீளங்களில் நகலெடுக்கும். நகல்களை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒற்றைக் கோட்டை எதிர்பார்த்திருந்த எனக்கு ஏணிப்படிபோல் வரிசையாகக் கோடுகள் தெரிந்தன. எல்லாவற்றையும் குப்பையில் போடப் போனேன். மூத்த ஆய்வாளர் அக்கா தடுத்தார்: "அந்த ஏணிதான் சரியாக வந்ததற்கு அடையாளம்!"

கட்டுரையாளர் புகழையெல்லாம் கிரிஸ்பர் என்ற இன்னொரு மரபணுத் திருத்தக் கருவிக்கே கொடுத்துவிட்டார். 2015இல் லண்டனில் ரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு பெண் குழந்தைக்குச் செலுத்திய, கொடையாளியின் நோயெதிர்ப்பு டி செல்களைத் திருத்தியது டேலன்தான்.