'ஃபெர்ன் ஹில்' வெறும் சந்தோஷக் கவிதை இல்லை

வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸ் தன் சிறுவயதுப் பண்ணை நாட்களை நினைத்து எழுதிய 'ஃபெர்ன் ஹில்' வர்ணனை நிறைந்த ஆனந்தக் கவிதை, ஒரு பெண் பாடுவதைக் கேட்டுத் தன் குழந்தைப் பருவத்தை நினைத்து ஆங்கில எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ் எழுதிய 'பியானோ'வில் வர்ணனையே கிடையாது, அழுகைதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

'பியானோ'வில் வர்ணனை கொஞ்சம்தான், ஆனால் கூர்மையானது. பியானோவுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு எட்டுவதுதான் அதில் முக்கியமாக வருகிறது: அதிரும் தந்திகளின் முழக்கம், குழந்தை அழுத்திப் பிடிக்கிற அம்மாவின் சின்னப் பாதங்கள். அந்த உயரத்திலிருந்து பார்ப்பதால்தான் ஏக்கம் நம்மையும் பிடித்துக்கொள்கிறது. அப்புறம், லாரன்ஸ் சுலபமாக அழுதுவிடுவதும் இல்லை. பாட்டு தன்னையும் மீறி இழுத்துப் போகிறது என்று தயங்கித் தயங்கி, கடைசி வரியில்தான் குழந்தைபோல் அழுகிறார்.

1945இல் வெளியான 'ஃபெர்ன் ஹில்'லில் பச்சையும் பொன்னும் திரும்பத் திரும்ப வருகின்றன. தொடக்கத்தில் புல்லின் பச்சை சிறுவனின் மகிழ்ச்சிக்கு அளவுகோல். முடிவிலோ அதே பச்சையோடு சாவும் சேர்ந்துகொள்கிறது. காலத்தின் பிடியில், சங்கிலிகளோடுதான் அவன் பாடியிருக்கிறான். கடைசிப் பத்தியை விட்டுவிட்டுப் படித்தால்தான் இதை ஆனந்தக் கவிதை என்று சொல்ல முடியும்.