வேலிடேட் வரி இல்லாத பிளேபுக்கை ஓட்டாதீர்கள்

போன வாரம் பெருங்குடி ஆபீஸில் லினக்ஸ் அட்மின் வேலைக்கு இன்டர்வியூ எடுத்தேன். இரண்டு நாளில் எட்டுப் பேர். எட்டுப் பேருமே அன்சிபிள் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) தெரியும் என்று ரெஸ்யூமில் போட்டிருந்தார்கள். பொய் இல்லை, நிஜமாகவே தெரிகிறது. பேப்பரைக் கொடுத்தால் பிளேபுக், அதாவது சர்வரில் செய்ய வேண்டிய டாஸ்க்குகளின் பட்டியல், எழுதுகிறார்கள். ரோல், லூப், இன்வென்டரி எல்லாம் தடுமாறாமல் வருகிறது.

எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். "ஒரு கான்ஃபிக் ஃபைலை இருநூறு சர்வருக்கு அனுப்பறீங்க. ஃபைல்ல ஒரு எழுத்து தப்பு. சர்வர்ல போய் உட்கார்றதுக்கு முன்னாடி அதை எப்படிப் பிடிப்பீங்க?" செக் மோடில், அதாவது எதையும் மாற்றாமல், ஓட்டிப் பார்ப்பேன் என்றார் ஒருவர். டெஸ்ட் சர்வரில் முதலில் பார்ப்பேன் என்றார்கள் சிலர். இரண்டும் செய்ய வேண்டியவைதான். ஆனால் செக் மோட் எது மாறும் என்று சொல்லுமே தவிர, மாறப்போகும் ஃபைல் சரியாக இருக்கிறதா என்று பார்க்காது. ஃபைலை மாற்றுகிற காப்பி, டெம்ப்ளேட், லைன்இன்ஃபைல் மூன்று மாட்யூலிலும் இதற்கென்றே 'வேலிடேட்' என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. அந்தப் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேளச்சேரியிலும் தாம்பரத்திலும் காசு கட்டி, சனி ஞாயிறு கிளாஸுக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள். அங்கே முதல் நாள் பாக்கேஜ் போடச் சொல்லித் தருகிறார்கள், இரண்டாம் நாள் சர்வீஸை ஸ்டார்ட் பண்ணுவது, மூன்றாம் நாள் ஃபைலை அனுப்புவது. அனுப்புவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் பாடம் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். சர்வர் ஆட்டோமேஷனில் பாதிக்கு மேல் ஃபைல் வேலைதான். ஒரு ஃபைலைப் பத்திரமாக மாற்றத் தெரியாதவர் கையில் இருநூறு சர்வரைக் கொடுப்பது அவருக்கே நாம் செய்யும் அநியாயம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். சனிக்கிழமை ராத்திரி சேஞ்ச் விண்டோ, மாற்றம் செய்ய ஒதுக்கிய நேரம். ஒரு அப்ளிகேஷன் டீமுக்குத் தங்கள் சர்வீஸை அவர்களே ரீஸ்டார்ட் செய்துகொள்ள அனுமதி கொடுக்க வேண்டும். சுடோ என்பது சாதாரண யூசர் ரூட்டின் (முழு அதிகாரம் உள்ள யூசர்) உரிமையோடு கட்டளை ஓட்டும் வழி. யாருக்கு அது உண்டு என்று சொல்கிற சுடோயர்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஃபைலில் ஒரு வரியைச் சேர்க்கிற லைன்இன்ஃபைலில் எழுதிய பிளேபுக். நான் பார்த்து அப்ரூவ் செய்தது. ஷிஃப்டில் இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஒன்றேகால் மணிக்கு ஃபோன்.

"அண்ணா, சுடோ அடிச்சா பார்ஸ் எரர்னு வருது."

"எந்த சர்வர்ல?"

"எல்லாத்துலயும்ணா. நாப்பத்தாறுலயும்."

பாஸ்வேர்டு கேட்க வேண்டாம் என்று சொல்கிற டேக் ஒன்று சுடோயர்ஸில் உண்டு. அதற்கு அடுத்து ஒரு கோலன் வர வேண்டும், இரண்டு புள்ளி. அது விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான் தப்பு. ஆனால் அந்த ஃபைலில் ஒரு வரி புரியவில்லை என்றால், நாங்கள் அப்போது வைத்திருந்த சுடோ வெர்ஷன் மொத்தமாகவே வேலை செய்ய மறுத்துவிடும். அன்சிபிள் சாதாரண யூசராக எஸ்எஸ்எச்சில் (ரிமோட் லாகின்) உள்ளே போய், சுடோ வழியாகத்தான் ரூட் ஆகிறது. சுடோ செத்தால் அன்சிபிளும் செத்தது. பழைய ஃபைலைத் திருப்பி வைக்கிற பிளேபுக் தயாராக இருந்தது. அதை ஓட்டவும் சுடோ வேண்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியாகிவிட்டது. பாதுகாப்புக்காக ரூட்டின் நேரடி லாகினையும் மூடி வைத்திருந்தோம்.

ரூட் பாஸ்வேர்டை எடுக்க மேனேஜரை எழுப்பி அனுமதி வாங்கினோம். அப்புறம் ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினின் கன்சோலையும் திறந்து, பாஸ்வேர்டைக் கையால் தட்டி, சுடோயர்ஸைத் திருத்துவதற்கென்றே இருக்கும் விசுடோவில் அந்த வரியைத் திருத்தி, மூடி, அடுத்தது. கன்சோலில் பேஸ்ட் ஆகாது. நாற்பத்தாறு தடவை. நான் வீட்டிலிருந்து பாதி, அவள் ஆபீஸிலிருந்து பாதி. முடித்தபோது மணி ஏழு. ஓஎம்ஆரில் காலை வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன என்று அவள் ஃபோனில் சொன்னது நினைவிருக்கிறது. திங்கட்கிழமை மீட்டிங்கில் பிளேபுக்கை ஓட்டியது யார் என்றுதான் முதல் கேள்வி வந்தது. அப்ரூவ் செய்தது நான் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வேலிடேட் என்று ஒரு வரி இருந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. விசுடோ கட்டளையை அதன் செக் ஆப்ஷனோடு எழுதி, ஃபைல் பெயர் வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் எஸ்ஸும் போட்டால் போதும். அன்சிபிள் புதிய ஃபைலை முதலில் தற்காலிகமாக ஓரிடத்தில் வைக்கும். அந்த இடத்தின் பெயரைச் சதவீதக் குறி இருக்கும் இடத்தில் போட்டு விசுடோவை ஓட்டும். விசுடோ சரி என்றால் மட்டுமே அசல் இடத்துக்கு நகர்த்தும். இல்லையென்றால் அந்த டாஸ்க் ஃபெயில் ஆகும், பழைய ஃபைல் தொடப்படாமல் அப்படியே இருக்கும். எஸ்எஸ்எச் சர்வரின் கான்ஃபிகுக்கும் இதே வழி உண்டு, அதற்கு அதன் சொந்த டெஸ்ட் ஆப்ஷன் இருக்கிறது. இந்த இரண்டு ஃபைல்களும் நாம் உள்ளே போகிற வாசல்கள். வேலிடேட் இல்லாமல் இவற்றைத் தொடுகிற பிளேபுக்கை இன்று நான் எந்தக் காரணத்துக்கும் அப்ரூவ் செய்வதில்லை.

இன்னொன்றும் அன்று இல்லை, 'சீரியல்', ஒரு தடவைக்கு எத்தனை சர்வரில் முழுவதும் ஓட்டி முடிப்பது என்று சொல்கிற ஆப்ஷன். அது இல்லாவிட்டால் ஒரு டாஸ்க் எல்லா சர்வரிலும் முடிந்த பிறகுதான் அடுத்த டாஸ்க். ஃபோர்க்ஸ், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை சர்வர் என்பது, டீஃபால்ட் 5 என்பதால் ஐந்து ஐந்தாகத்தான் போகும், ஆனால் நாற்பத்தாறும் முடிய எவ்வளவு நேரம் ஆகும்? சீரியல் 1 என்று கொடுத்திருந்தால் முதல் சர்வரில் அடுத்த டாஸ்கிலேயே சுடோ இடித்திருக்கும், அத்தோடு பிளே நின்றிருக்கும். ஒரு கன்சோல், ஐந்து நிமிடம்.

அடுத்தது மோட். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் புதிதாக ஒருவர் மாட்டிக்கொள்கிறார். ஃபைல் பெர்மிஷனை 644 என்று வெறும் எண்ணாக எழுதினால், பிளேபுக் எழுதப்படுகிற யாமல் மொழி அதைச் சாதாரண பத்தடிமான எண்ணாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் பெர்மிஷன் எட்டடிமானம். பத்தடிமான 644 எட்டடிமானத்தில் 1204. விளைவு என்ன தெரியுமா? ஓனருக்கு எழுத மட்டும் உரிமை, படிக்க இல்லை. குரூப்புக்கு எதுவும் இல்லை. ஊரில் மற்ற எல்லோரும் படிக்கலாம். போதாததற்கு ஸ்டிக்கி பிட் என்கிற, நாம் கேட்காத சிறப்புக் குறி வேறு. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிற ஃபைலில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்ளிகேஷனால் தன் கான்ஃபிகைத் தானே படிக்க முடியாது, சம்பந்தமில்லாத யூசர் படித்துவிட்டுப் போகலாம். ரூட்டாக ஓடும் சர்வீஸ் எந்தப் பெர்மிஷனையும் தாண்டிப் படித்துவிடும் என்பதால் பல நேரம் டெஸ்டில் இது தெரியவே தெரியாது. மேற்கோள் குறிக்குள் '0644' என்று எழுதும் பழக்கம் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஓனர், குரூப், மோட் மூன்றையும் எப்போதும் எழுதுங்கள்.

ஹேண்ட்லர் (ஏதாவது மாறினால் மட்டும் ஓடுகிற டாஸ்க்) விஷயம் கொஞ்சம் நுட்பமானது. கான்ஃபிக் மாறினால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய் என்று நோட்டிஃபை கொடுக்கிறோம். ஹேண்ட்லர் உடனே ஓடாது, சாதாரணமாக பிளேயின் கடைசியில்தான் ஓடும். நடுவில் வேறு ஏதோ ஒரு டாஸ்க் அந்த சர்வரில் ஃபெயில் ஆனால் ஹேண்ட்லர் ஓடாமலே போய்விடும். ஃபைல் புதியது, ஓடிக்கொண்டிருக்கிற சர்வீஸ் பழையது. சரி, ஃபெயில் ஆன டாஸ்கைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுகிறோம். இப்போது ஃபைல் ஏற்கெனவே சரியாக இருப்பதால் அன்சிபிள் 'ஓகே' என்று பச்சையில் காட்டிவிட்டுப் போகும். மாற்றம் இல்லையென்றால் நோட்டிஃபை இல்லை, ரீஸ்டார்ட்டும் இல்லை. எல்லாம் பச்சை, சர்வீஸ் மட்டும் பழைய கான்ஃபிகில். மூன்று மாதம் கழித்து வேறு ஒருவர் வேறு எதற்காகவோ ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் புதிய கான்ஃபிக் உள்ளே வரும், அன்று உடைந்தால் பழி அவர் மேல். ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, நடுவில் ஃபெயில் ஆனாலும் நோட்டிஃபை ஆன ஹேண்ட்லரை ஓட்டிவிடும். நான் அதைவிட, முக்கியமான ஃபைலுக்கு அடுத்த வரியிலேயே ஹேண்ட்லர்களை ஃப்ளஷ் செய்வதை, அதாவது அங்கேயே ஓட்டிவிடுவதைத்தான் விரும்புகிறேன். எது எப்போது ரீஸ்டார்ட் ஆகிறது என்று படிப்பவருக்குக் கண்ணில் தெரியும்.

பேக்கப் ஆப்ஷனை ஆன் செய்யச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. பழைய ஃபைலைத் தேதியும் நேரமும் சேர்த்து, கடைசியில் ஒரு டில்டே (~) குறியோடு பக்கத்திலேயே வைத்துவிடும். நல்ல விஷயம். ஆனால் எந்த டைரக்டரியில் என்று பார்த்துச் செய்ய வேண்டும். சுடோயர்ஸின் துணை டைரக்டரியில், புள்ளி இருக்கிற பெயரையும் டில்டேயில் முடிகிற பெயரையும் சுடோ படிக்காது, அங்கே கவலை இல்லை. உபுன்டுவில் வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் 'சைட்ஸ் எனேபிள்டு' டைரக்டரி அப்படி இல்லை. உள்ளே என்ன கிடந்தாலும் அத்தனையையும் படிக்கும். அங்கே பேக்கப் விழுந்தால் பழைய கான்ஃபிகும் புதியதும் சேர்ந்து லோட் ஆகும். பாஸ்வேர்டு இருக்கும் ஃபைலுக்கு பேக்கப் எடுத்தால் பழைய பாஸ்வேர்டும் அங்கேயே கிடக்கும். டிஃப் ஆப்ஷனிலும் இதே ஆபத்து. மாறிய வரிகளைத் திரையில் காட்டுவது அருமையான வசதி, ஆனால் ரகசியம் உள்ள டெம்ப்ளேட்டில் டிஃபை அணைக்காவிட்டால் பாஸ்வேர்டு லாகில் பதிந்துவிடும். எங்கள் டீமில் இப்போது ஃபைலின் வரலாற்றுக்கு கிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), சர்வரில் பேக்கப் என்பது தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும்.

அன்சிபிளின் சொந்த கான்ஃபிக் பற்றியும் ஒரு வார்த்தை. அது நான்கு இடங்களில் தேடும். முதலில் என்விரான்மென்ட் வேரியபிள் சொல்கிற ஃபைல், அடுத்து நீங்கள் நிற்கிற டைரக்டரி, அடுத்து உங்கள் ஹோம், கடைசியில் சிஸ்டம் முழுவதற்குமான இடிசி டைரக்டரி. முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் திரும்பியும் பார்க்காது. நான்கையும் சேர்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். ஹோமில் ஃபோர்க்ஸை மட்டும் மாற்றி ஒரு ஃபைல் வைத்தால், இடிசியில் டீம் எழுதி வைத்த இன்வென்டரி (சர்வர்களின் பட்டியல்), லாக் பாத் எதுவும் உங்களுக்கு இல்லை. நீங்கள் நிற்கிற டைரக்டரியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று பெர்மிஷன் இருந்தால், அங்கே உள்ள கான்ஃபிகை வார்னிங் கொடுத்துவிட்டு ஒதுக்கிவிடும். அது பாதுகாப்புக்காக. அன்சிபிளின் வெர்ஷனைக் கேட்டாலே எந்தக் கான்ஃபிக் ஃபைல் என்று இரண்டாவது வரியில் சொல்கிறது. புரொடக்‌ஷனைத் தொடுவதற்கு முன் அதைப் பார்க்க ஒரு நொடிதான்.

அன்சிபிள் போன்ற இன்னொரு கருவியான பப்பெட்டில் வேலை செய்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. டைரக்டரியில் ரிகர்ஸும் பர்ஜும் சேர்த்துக் கொடுத்தால், பப்பெட்டுக்குத் தெரியாத ஃபைல் எல்லாம் போய்விடும். சர்வரில் இருக்கும் பப்பெட் ஏஜென்ட் டீஃபால்ட்டாக அரை மணிக்கு ஒரு தடவை தானாக ஓடுகிறது, நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றில்லை. முதலில் எதையும் மாற்றாத நோஆப்பில் ஓட்டி என்ன போகப்போகிறது என்று படியுங்கள்.

நான் ஆட்டோமேஷனுக்கு எதிரி இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முழுக்கத் தண்ணீரில் நின்றபோது, எங்கள் கான்ஃபிக் எல்லாம் கிட்டில் இருந்ததால்தான் கோயம்புத்தூரில் இருந்த ஒரு நண்பரால் எங்கள் வேலையை எடுத்துச் செய்ய முடிந்தது. நான் மொட்டை மாடியில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன். 1993-இல் ஆஸ்லோவில் மார்க் பர்கஸ் சிஎஃப்என்ஜின் என்ற கருவியை எழுதிய நாளிலிருந்து இந்தக் கருவிகளின் அடிப்படை ஒன்றுதான்: நீ எந்த நிலையைக் கேட்கிறாயோ, எத்தனை தடவை ஓட்டினாலும் அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்துவேன். கேட்டது தப்பான நிலை என்றாலும் அதே விசுவாசத்தோடு கொண்டுபோய் நிறுத்தும்.

அதனால் இதை நைட் ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் ஞாபகசக்தியில் விடக்கூடாது. எங்கள் ரெபாசிட்டரியில் சுடோயர்ஸையும் எஸ்எஸ்எச் கான்ஃபிகையும் தொடும் டாஸ்கில் வேலிடேட் இல்லையென்றால் மெர்ஜ் ஆகாதபடி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறோம். மேற்கோள் இல்லாத மோட் இருந்தாலும் நிறுத்தும். என்ஜின்எக்ஸின் துண்டு ஃபைல்களைத் தனியாக வேலிடேட் செய்ய முடியாது, முழு கான்ஃபிகோடு சேர்ந்தால்தான் அர்த்தம் வரும். அதற்கு ரீலோடு செய்வதற்கு முன் மொத்தத்தையும் டெஸ்ட் செய்கிற ஹேண்ட்லர் ஒன்று வைத்திருக்கிறோம். ஆனால் டெஸ்ட் தோற்றால் சர்வீஸ் பழையதில் ஓடிக்கொண்டிருக்கும், கெட்ட ஃபைல் டிஸ்கில் கிடக்கும். அதை ரெஸ்க்யூ பிளாக் (டாஸ்க் ஃபெயில் ஆனால் ஓடும் பகுதி) வைத்துப் பழையதைத் திருப்பி வைக்கும்படி இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் முழு ரோலையும் இங்கே போடுகிறேன்.