காலி டேங்க், எரிகிற விளக்கு

நேற்று கழிவு கொட்டும் இடத்தில் என் வீட்டு வண்டியின் (ஆர்.வி.) பிளாக் டேங்கை, அதாவது டாய்லெட் கழிவு சேரும் தொட்டியைக் காலி செய்துவிட்டு உள்ளே வந்து, டேங்க் அளவு காட்டும் பேனலின் பொத்தானை அழுத்தினால், மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருக்கிறதாம்! இப்போதுதானே காலி செய்தேன்! கழிவு ஹோஸில் மாட்டியிருக்கும் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற வளைவுக் குழாய் வழியாகத் தெளிந்த தண்ணீர் வரும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேனே!

சரி, ஏதோ ஒட்டியிருக்கும் என்று டாய்லெட் வழியாக ஐந்து வாளி தண்ணீர் ஊற்றினேன். கையுறையை மாட்டி, வெளியே போய், வால்வை இழுத்தேன். ஊற்றியது அப்படியே வெளியே வந்தது. ஓடி வந்து அழுத்தினேன். மூன்றில் இரண்டு. மறுபடி ஐந்து வாளி, மறுபடி கையுறை, மறுபடி வால்வு. மூன்றில் இரண்டு! பின்னால் மூன்று வண்டிகள் காத்து நிற்கின்றன. முதல் வண்டிக்காரர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கியே வந்துவிட்டார். நாலாவது தடவையும் அந்தப் பாழாய்ப்போன விளக்கு அணையவில்லை. எரிச்சலில் கை நடுங்கிவிட்டது.

அந்த விளக்கை எரிய வைக்கிற சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் கோபம் இன்னும் ஏறும். டேங்கின் பக்கச் சுவரில் வெவ்வேறு உயரங்களில் ஓட்டை போட்டு உலோக முனைகளைச் செருகியிருக்கிறார்கள். தண்ணீர் வந்து முனையைத் தொட்டால் மின்சாரம் பாயும், விளக்கு எரியும். நல்ல தண்ணீர் டேங்குக்கு இது போதும். மலமும் காகிதமும் கிடக்கிற டேங்குக்கும் அதே முனைதானா? ஈரக் காகிதம் ஒரு துணுக்கு அதில் அப்பிக்கொண்டால் போதும், டேங்க் காலியானாலும் விளக்கு எரியும். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் கிரே டேங்கில் காகிதத்துக்குப் பதில் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வெளிச்சுவரில் ஒட்டி, உள்ளே எதையும் தொடாமலே அளவு காட்டுகிற சென்சார் இருக்கும்போது, அதை எல்லா வண்டியிலும் முதலிலேயே வைத்து விற்றால் என்ன கேடு?

இதில் ஆளுக்கொரு வைத்தியம். ஐஸ் கட்டி போட்டு வண்டியை ஓட்டு, உரசிச் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். தண்ணீரில் மிதந்து கரைந்துபோகிற ஐஸ், சுவரில் காய்ந்து இறுகியதை எங்கே உரசப் போகிறது? இன்னொருவர் பிளீச் ஊற்றச் சொன்னார். சிறுநீர் கிடக்கிற டேங்கில் பிளீச் ஊற்றினால் நச்சுப் புகை கிளம்பும்! தெரியாமல் இப்படியா சொல்வது?

எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர் முகாமில் ஹோஸைச் சாக்கடைக் குழாயில் மாட்டிவிட்டு, பிளாக் வால்வைத் திறந்தே விட்டு வைத்திருக்கிறார். தண்ணீர் எல்லாம் ஓடிப்போக, கெட்டியானது அப்படியே தங்கிக் குவிந்து கல்லாகிவிட்டது. அவர் செய்த வேலைக்கு இன்று நான் அழுகிறேன். வால்வை மூடி வையுங்கள், நிறைந்த பிறகு திறங்கள், காலி செய்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டு வையுங்கள். இந்த மூன்றையும் செய்ய என்ன கஷ்டம்?

ராத்திரி டேங்கில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி, நொதிக் கரைசல் ஊற்றி ஊற வைத்தேன். காலையில் வண்டியை ஒரு மணி நேரம் குலுங்கக் குலுங்க ஓட்டிக் காலி செய்தேன். ஈர அட்டை மாதிரி பட்டை பட்டையாக வந்து விழுந்தது. இப்போது மூன்றில் ஒன்று காட்டுகிறது.

அதைப் பார்த்துக் கொஞ்சம் மூச்சு விட்டு நிமிர்ந்தால், பக்கத்தில் ஒருவர் தன் கழிவு ஹோஸைக் குடிதண்ணீர்க் குழாயின் வாயிலேயே வைத்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். 'குடிநீர் மட்டும்' என்று கண்ணுக்கு நேரே எழுதியிருக்கிறது, ஐயா! நாங்கள் எல்லோரும் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறோம்!