ஆமாம், அந்த 'ஓவர் சீன்' ஆள் நான்தான்

நேற்று குழுவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். தம்பி ஒருவர் பேக்கப் ஸ்கிரிப்டை (டேட்டாவை நகலெடுக்கும் கட்டளைகளை எழுதிவைத்த ஃபைல்) அப்படியே ஒட்டி 'ஏன் ஓடமாட்டேங்குது' என்று கேட்டார். நாலாவது வரியில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. முதலில் இதை அழிங்க, பாஸ்வேர்டை மாத்துங்க என்றேன். அதற்குத்தான் 11 சிரிப்பு எமோஜி, 'ஓவர் சீன்' என்று ஒரு பட்டம். சரி.

ஸ்கிரிப்டுக்குள் பாஸ்வேர்டு எழுதாதீர்கள். அவ்வளவுதான் சொன்னேன்.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு காலத்தில் ரொம்பப் புத்திசாலியாக, ஃபைலில் வைக்காமல், ஸ்கிரிப்டை ஓட்டும்போது அதன் பெயருக்குப் பக்கத்திலேயே பாஸ்வேர்டையும் டைப் செய்வேன். ஒருநாள் சர்வர் இழுக்கிறதே என்று புதிதாகச் சேர்ந்த பையன், என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பிஎஸ் (ps) கட்டளையைப் போட்டான். வழக்கமான லினக்ஸில் லாகின் உள்ள யாரும் அதைப் போட்டு, ஓடுகிற கட்டளையை முழுசாகப் படிக்கலாம். 'அண்ணே, இது உங்க ஸ்கூட்டர் நம்பர்தானே?' என்றான், எல்லார் முன்னாலும். டைப் செய்த கட்டளைகள் பதிவாகும் பேஷ் ஹிஸ்டரியிலும் அதே நம்பர் வரிசையாக நின்றது. அவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

'பிரைவேட் ரெப்போதானே', அதாவது கோடு வைக்கும் இடம் வெளியாட்களுக்குத் தெரியாதே என்கிறீர்கள். ஊபருடையதும் பிரைவேட்தான். 2016-ல் அதற்குள் புகுந்தவர்களுக்கு அமேசான் கிளவுடின் சாவி கோடிலேயே கிடைத்தது, போனது 5.7 கோடி பேரின் விவரம். அப்புறம், கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட்டில் (Git) இன்று அழித்தாலும் பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிவில், பாஸ்வேர்டு அப்படியேதான் இருக்கும். பேஸ்64 போட்டு 'மறைத்து' வைத்திருக்கிறேன் என்றவருக்கு ஒரு கும்பிடு, அது யாரும் நொடியில் திருப்பிப் படிக்கக்கூடிய எழுத்து மாற்றம்தான்.

அப்போ எங்கேதான் வைப்பது? தனி ஃபைலில். அப்படி வைத்தாலும் ரூட் (சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) படிப்பாரே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, படிக்கலாம்தான். ஆனால் ஃபைலின் சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுத விடும் 600 பெர்மிஷன் போட்டால் மற்ற யூசர்கள் படிக்க முடியாது, ஸ்கிரிப்டைக் குழுவில் ஒட்டினாலும் பாஸ்வேர்டு கூடவே வராது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் பாஸ்வேர்டு வைக்கும் பிஜிபாஸ் (.pgpass) ஃபைலுக்கு அதைவிடத் தளர்வாகப் பெர்மிஷன் வைத்துப் பாருங்கள், லினக்ஸில் அது அந்த ஃபைலை மதிக்கவே மதிக்காது. அதுவும் ஓவர் சீன்தான் போடுகிறது போல.

உண்மையில் கோபம் பாஸ்வேர்டு மேல்கூட இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்து, இதே குழுவில் 'அண்ணே இருக்கீங்களா' என்று வரும்போது என் சீன் யாருக்கும் ஓவராகத் தெரிந்ததில்லை.

பாஸ்வேர்டை மாத்தியாச்சா என்று தம்பிக்குக் காலையில் தனியாக அனுப்பினேன். இதுவரை ப்ளூ டிக் மட்டும்தான் வந்திருக்கிறது.